அப்பச்சியின் கப்பல் குறிப்புகள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: அப்பச்சி (என் அப்பா) அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய நம்மவர்களைப் பற்றி ஆயுசு பூராவும் ஆராய்ந்தவர். அவருடைய நோட்டுகள், அவருக்கு வந்த கடிதங்கள், அவர் விலைக்கு வாங்கிச் சேர்த்த பழைய பேரேடுகள் எல்லாம் வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. உயில் எழுதாமலே போன வருடம் தவறிவிட்டார். ஆத்தா (அம்மா) இருக்கிறார்கள். அண்ணன், "உனக்குச் சீர் செஞ்சாச்சு, பங்கு கிடையாது" என்று காரைக்குடியில் பழம்பொருள் கடைக்காரரிடம் விலை பேசுகிறார். அருங்காட்சியகமோ எல்லாம் தங்களுடையது என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. என்ன செய்வது?
- தேவகோட்டை வாசகி

பதில்: அண்ணன் சொல்வது தவறு. சீருக்கும் வாரிசுரிமைக்கும் சம்பந்தமில்லை. அப்பச்சியின் சுயசம்பாத்தியத்தில் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. நீங்கள் மூன்று பேர்தான் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. மற்ற இருவர் சம்மதமில்லாமல் அவர் மொத்தத்தையும் விற்க முடியாது.

அருங்காட்சியகம் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரத்தில் மையால் பதிவேட்டு எண் எழுதியிருந்தாலோ, அலுவலக முத்திரை இருந்தாலோ, அது அவர்களுடையதாகத்தான் இருக்கும், கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுவல் வேலையாக அவர் எழுதிய அறிக்கை, பட்டியல் இவற்றின் பதிப்புரிமையும் அரசுக்கே. ஆனால் வீட்டில் உட்கார்ந்து சொந்த ஆர்வத்தில், ரஜுலா கப்பலில் போய்வந்த பெரியவர்களைத் தேடிப்பிடித்துப் பேசி எழுதியது உங்கள் குடும்பத்தின் சொத்து. சம்பளம் கொடுத்தார்கள் என்பதற்காக அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் அவர்களுடையதாகிவிடாது. அவர் வெளியிடாமல் வைத்திருந்த எழுத்து இனிமேல் அச்சானால், அச்சானதிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு.

கடிதங்கள் வேறு கணக்கு. தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருக்கு. பத்திரமாக வைக்கலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம், அச்சில் போட மட்டும் எழுதியவரையோ அவருடைய வாரிசுகளையோ கேட்க வேண்டும்.

பேரேடு விஷயத்தில்தான் எனக்குப் பயம். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 ஆண்டு கடந்துவிட்டால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி அது தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கடையிலிருந்து அது எங்கே போகும் என்று அண்ணனுக்கே தெரியாது.

விற்றுத்தான் ஆகவேண்டும் என்றாலும் பிரிக்காமல் விற்கச் சொல்லுங்கள். பேரேடு ஒரு கடைக்கும் அதை விளக்கும் நோட்டு எடைக்கும் போனால் இரண்டுமே பாழ். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் காலமான பிறகு அவர் சேகரித்த பழைய தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கி இந்தியாவிலேயே வைத்தது, அதனால்தான் இன்றைக்கும் அது சென்னையில் ஒரே நூலகமாக நிற்கிறது. நீங்களும் ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கொடுப்பதானால் மூவரும் கையெழுத்திட்டு எழுத்து மூலம் கொடுங்கள். தாளை மட்டும் தருகிறீர்களா, பதிப்புரிமையும் சேர்த்தா என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே ஆத்தாவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரு பட்டியல் போடுங்கள். அப்புறம் அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ், அதன் நகல் கடைக்காரருக்கும். பங்குத் தகராறு உள்ள சரக்கு என்று தெரிந்தால் பெரும்பாலான கடைக்காரர்கள் தொட மாட்டார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, கையோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள்.