நிறுத்த வேண்டியது சோதனையை அல்ல, தவணையை

கேள்வி: என் கணவரின் சிறுநீர்ப்பையில் இருந்த புற்றுநோய்க் கட்டியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். தசையில் ஊடுருவவில்லை என்றாலும் தீவிர வகை என்பதால், நோயெதிர்ப்பைத் தூண்டும் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். வருமானத்தில் கால் பங்கு கொழுந்தனாரின் தொழில் கடன் தவணைக்குப் போய்விடுவதால், சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி சோதனைகள் இரண்டைத் தள்ளிப்போட்டுவிட்டோம். புற்றுநோய்க்கென்றே உள்ள பாலிசியை முகவர் பரிந்துரைக்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய்க்கு அத்தகைய பாலிசிகள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. நோயை மறைத்து எடுத்தால் பிரீமியமும் வீணாகும். இதைச் சொல்லாமல் விற்க வரும் முகவரிடம் இனிப் பேச வேண்டியதில்லை.

என் கவலையெல்லாம் அந்த இரண்டு சோதனைகளைப் பற்றியதுதான். இந்தப் புற்றுநோய் அடிக்கடி திரும்பி வரக்கூடியது. திரும்பும்போது வலியோ ரத்தமோ காட்டாமலும் இருக்கும் என்பதால்தான், முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்க்கிறார்கள். சிறிதாக இருக்கும்போதே கண்டால் மறுபடியும் சுரண்டி எடுத்துவிடலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் கீமோதெரபி கொடுத்துச் சிறுநீர்ப்பையையே அகற்ற நேரிடும். அந்தச் செலவுக்கு எந்தச் சேமிப்பும் ஈடுகொடுக்காது.

நீங்கள் அனுப்பிய வரவு செலவுப் பட்டியலின்படி, ஒரு சோதனைக்கு மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கும், ஒரு முறை மருந்து செலுத்த இருபதில் ஒரு பங்கும் ஆகிறது. முதல் ஆண்டில் நான்கு சோதனைகள். தொடக்கத்தில் வாரம் ஒன்றாக 6, பிறகு 3, 6, 12ஆம் மாதங்களில் மும்மூன்று என மருந்து 15 முறை. கூட்டினால் ஏறக்குறைய ஒன்றேகால் மாத வருமானம். கொழுந்தனாருக்கு ஆண்டுதோறும் நீங்கள் கட்டுவதோ மூன்று மாத வருமானம். ஆக, பணம் இல்லாமல் இல்லை; அது வேறு வீட்டுக்குப் போகிறது.

அந்தக் கடனில் உங்கள் கணவர் பிணைக் கையெழுத்து இட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்த மாதமே நிறுத்துங்கள். இட்டிருந்தால், தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்கும்படி கொழுந்தனாரையே வங்கியில் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். தொழில் அவருடையது, அலைச்சலும் அவருடையதாக இருக்கட்டும். பட்டியலில் சிகரெட்டுக்கும் ஒரு வரி இருக்கிறது. இந்த நோய்க்கு முதன்மையான காரணமே புகைதான் என்பதால், அந்த வரியையும் அடித்துவிடுங்கள்.

சோதனைக்கான தேதியை நாளையே வாங்குங்கள். தவறவிட்டவை இரண்டு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.