மூச்சை எண்ணுங்கள், சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள்

மெடிக்கல் வார்டில் செவிலியர் மாணவர்களைப் பழக்குவது பற்றி இம்மாதம் வந்த கேள்விகளும், பயிற்றுநர் குழுவின் பதில்களும்.

மூன்றாம் செமஸ்டர் மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போகிறேன். சார்ட்டைப் புரட்டினால் எல்லா நோயாளிக்கும் நிமிடத்துக்கு மூச்சு 20. திட்டினேன், மறுநாள் எல்லாருக்கும் 18! என்னதான் செய்வது?
– ஒரு பயிற்றுநர், நாகர்கோவில்

திட்டினால் எண்தான் மாறும், எண்ணும் பழக்கம் வராது. ஒரு வாரத்துச் சார்ட்டை எடுத்து அவர்கள் முன்னாலேயே விரியுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் 16, 20, 24 என்றுதான் வரும். 30 நொடி எண்ணி இரட்டித்தாலும் ஒற்றைப்படை எண் வராது. 17, 19, 23 என்று ஒன்றுகூட அந்த வாரத்தில் இல்லையென்றால் ஒருவரும் முழு நிமிடம் எண்ணவில்லை. இதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு இருவர் இருவராக விடுங்கள். நாடி பார்த்து முடித்ததும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல், வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதைப் பார்த்து 60 நொடி எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஒரே நேரத்தில் இருவரும் எண்ணி, தனித்தனிச் சீட்டில் எழுதி உங்களிடம் தரட்டும். இரண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி எண்ண வேண்டும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பார்கள். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் ‘நியூஸ்-2’ மதிப்பெண் அட்டையைக் காட்டுங்கள். மூச்சு 12 முதல் 20 வரை பூஜ்யம். 21 முதல் 24 வரை 2. 25-உம் அதற்கு மேலும் 3. ஒரே அளவீட்டில் 3 வந்தாலே நோயாளியை மருத்துவர் உடனே பார்த்தாக வேண்டும். 26-ஐ 20 என்று எழுதினால் அந்த 3 பூஜ்யமாகிவிடுகிறது. கிருமித் தொற்று முற்றி உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸிலும், ரத்தத்தில் அமிலம் ஏறும்போதும் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். பிரஷர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, பிறகுதான் விழும்.

சர்க்கரை நோயாளி கீட்டோஅசிடோசிஸுடன் (இன்சுலின் போதாமல் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறும் நிலை) வந்தால் சிரிஞ்ச் பம்பில் இன்சுலின் போடுகிறோம். இதில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் எவை?
– ஐ.சி.யு. சிஸ்டர், சேலம்

முதல் சறுக்கல் மருந்தை இழுக்கும்போதே நடக்கிறது. நம் ஊரில் ரெகுலர் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட்டிலும் கிடைக்கிறது, 100 யூனிட்டிலும் கிடைக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பம்புக்கு வழக்கமாக 50 யூனிட்டை நார்மல் சலைனில் சேர்த்து மொத்தம் 50 மில்லி ஆக்குகிறோம். அப்போது ஒரு மில்லியில் ஒரு யூனிட். 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘50’ இழுத்தால் உள்ளே போவது 125 யூனிட். மணிக்கு 6 மில்லி ஓட்டினால் 6-க்குப் பதில் 15 யூனிட் இறங்கும். மாற்றிப் பிடித்து, 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் இழுத்தால் 20 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லையே என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

கரும்பலகையில் போட்ட கணக்கு மறந்துபோகும். வண்ணத் தண்ணீரை சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 கோடு வரை இழுத்து, காலிக் குப்பியில் விட்டு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் திரும்ப இழுக்கச் சொல்லுங்கள். அதே தண்ணீர் 100-இல் நிற்கும். வகுப்பே வாயடைத்துப் போகும்.

அடுத்தது பொட்டாசியம். இன்சுலின் பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளிவிடும், ரத்தத்தில் அதன் அளவு 3.5-க்குக் கீழே இருக்கும்போது இன்சுலினைத் தொடங்கினால் இதயத் துடிப்பே தடம் புரளலாம். ரிப்போர்ட் வராமல் பம்பைத் தொடாதே என்று சொல்லிவையுங்கள். பொட்டாசியம் குளோரைடை நேராக ஊசியில் ஏற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தொங்கும் பாட்டிலில் சேர்த்துவிட்டுக் குலுக்காமல் விடுவதும் ஏறக்குறைய அதே தப்புதான் என்பது பலருக்குத் தெரியாது. மருந்து கனமானது, அடியில் தங்கி மொத்தமாக முதலில் இறங்கும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பல முறை தலைகீழாகத் திருப்பிய பிறகே மாட்ட வேண்டும்.

சர்க்கரை 250-க்கு வந்ததும் பம்பை நிறுத்திவிடுவது இன்னொன்று. நோய் சர்க்கரையில் இல்லை, கீட்டோனில் இருக்கிறது. அது அடங்கும் வரை இன்சுலின் வேண்டும். அதனால்தான் அந்தக் கட்டத்தில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைத் திரவம்) சேர்த்து, டாக்டர் சொல்லும் அளவுக்கு வேகத்தைக் குறைக்கிறோம்.

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்) 90 காட்டியது. ஆக்ஸிஜனை 2 லிட்டரிலிருந்து 6-க்கு ஏற்றினேன். சிஸ்டர் ஓடிவந்து குறைத்தார். நான் செய்தது தப்பா?
– நான்காம் செமஸ்டர் மாணவர், மதுரை

தப்புதான். கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் அபாயம் உள்ள இவர்களுக்கு இலக்கே 88 முதல் 92 வரை. அதற்கு மேல் ஏற்றினால், காற்றோட்டம் குறைந்த நுரையீரல் பகுதிகளுக்கும் ரத்தம் திரும்பிப் பாய்ந்து, கார்பன் டை ஆக்ஸைடு கூடுகிறது. மூச்சுத் தூண்டல் மங்குவது மட்டுமே காரணம் என்று பழைய நோட்ஸில் இருந்தால் அது பாதிக் கதை. விரலில் மாட்டும் கருவி 98 என்று அழகாகக் காட்டும், நோயாளி தூங்கி வழிவார். அதனால் எண்ணோடு முகத்தையும் பாருங்கள்: காலைத் தலைவலி, மயக்கச் சாயல், நீட்டிய கை படபடவென ஆடுவது. மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசரை ஆக்ஸிஜனில் ஓட்டாமல் காற்றுக் கம்ப்ரஸரில் ஓட்டுங்கள்.

ஆனால் 80-க்கு இறங்கினால் பயந்துகொண்டு நிற்காதீர்கள்; ஆக்ஸிஜனைக் கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஏற்றியதைத் திடீரென்று பிடுங்குவதும் ஆபத்து.

ராத்திரி டியூட்டி டாக்டருக்கு போன் செய்தால் “என்னம்மா விஷயம், சீக்கிரம் சொல்லு” என்கிறார். உளறிவிடுகிறேன்.
– மாணவி, தஞ்சாவூர்

கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனை எடுங்கள். “டாக்டர், பெண்கள் மெடிக்கல் வார்டு, ஏழாம் படுக்கை. மூச்சு 18-லிருந்து 28 ஆகியிருக்கு, பிரஷர் 94. நேத்து நிமோனியான்னு அட்மிட் ஆனவங்க. செப்சிஸ் மாதிரி தெரியுது. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்.” என்ன நடக்கிறது, பின்னணி என்ன, உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அவர் என்ன செய்ய வேண்டும்: இந்த வரிசையில் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவர் சொல்லும் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி, “சரியா டாக்டர்?” என்று கேட்ட பிறகே போனை வையுங்கள். மாணவி என்பதால் பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கட்டும்.