'மொக்கை', 'பல்பு', 'பீலா', 'சீன்': இந்தப் பேச்சுவழக்குகளுக்கு என்ன பொருள்?

பின்னால் வரும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். பாதிப் பொருள் அங்கேதான் இருக்கிறது. 'மொக்கை' என்றால் கூர் மழுங்கியது. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில் என்பார்கள். சுவாரசியமில்லாத பேச்சுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'மொக்கை போட்டான்' என்றால் கேட்டவர்களை அறுத்துத் தள்ளினான். 'மொக்கை வாங்கினான்' என்றால் அவனே அசிங்கப்பட்டான். வினை மாறியதும் பாதிக்கப்பட்ட ஆளே மாறிவிடுகிறான்! எனக்கு ரொம்பப் பிடித்த நுட்பம் இது.

'பல்பு வாங்கினான்' என்பதும் அசடு வழிந்ததுதான். 'பீலா விடுறான்' என்றால் இல்லாததை அளந்துவிடுகிறான். 'சீன் போடுறான்' என்றால் பந்தா காட்டுகிறான். அதில் பொய் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

நண்பர்களிடம் தாராளமாகப் பேசலாம். பெரியவர்களிடம் வேண்டாம், 'மொக்கை போடாதீங்க' என்று 'ங்க' சேர்த்தாலும் மரியாதைக் குறைவாகத்தான் கேட்கும்.