சிக்காகோ டேலிட "மெஷின்" எப்படி ஓடினது? கேட்ட கேள்வியும் என்ட பதிலும்

போன கிழமை உள்ளூராட்சித் தேர்தல் கதை வந்தநேரம் நான் சும்மா ஒரு வரி சொன்னன், வட்டாரம் பிடிக்கிற வேலையில அமெரிக்காவில சிக்காகோ மேயர் டேலிட கட்சி "மெஷின" மிஞ்ச ஆளில்ல எண்டு. அதோட துவங்கினதுதான், கேள்வி மேல கேள்வி. கன வருசமா அந்த ஒரு ஊர்ட அரசியலத்தான் விழுந்து விழுந்து வாசிக்கிறன் (ஏன் எண்டு மனிசியும் கேக்கிறா, சொல்ல பதில் இல்ல). தெரிஞ்சத சொல்றன்.

நிலாவெளி தம்பி: அண்ணே, மெஷின் எண்டா வோட்டு போடுற மெஷினா?

இல்லடா தம்பி, ஆக்கள்தான் மெஷின், வேலையும் உதவியும் குடுத்து வோட்டு சேர்க்கிற கட்சி வலை. ரிச்சர்ட் ஜே. டேலி 1955ல மேயரா வந்தவர், 1976 டிசம்பர்ல கதிரையில இருந்தபடியே செத்தார், நடுவில ஆறு தேர்தல், ஆறும் வெற்றி. ஆனா அவர்ட பிடி மேயர் கதிரையில மட்டும் இல்ல. 1953லயே குக் கவுண்டி (சிக்காகோ இருக்கிற மாவட்டம்) டெமோக்ரட் கட்சித் தலைவர் பதவிய எடுத்திட்டார், மேயரான பிறகும் அத விடேல்ல. அப்ப பாருங்க, தேர்தல்ல ஆர நிப்பாட்டுறது எண்டதும் அவர் கையில, நகரத்தில ஆருக்கு வேலை எண்டதும் அவர் கையில. கீழ 50 வட்டாரம், வட்டாரத்துக்கு ஒரு கட்சிப் பொறுப்பாளர் (வட்டாரத் தலைவர்), அவருக்குக் கீழ வாக்குச்சாவடிக்கு ஒரு கேப்டன், அப்பிடி 3,000க்கு மேல கேப்டன்மார்.

உவர்மலை அக்கா: அந்த கேப்டன் எண்டவர் அப்பிடி என்னதான் செய்வார் தம்பி? எங்கட ஆக்கள் மாதிரி நோட்டீஸ் குடுத்திட்டு போறதா?

அக்கா, நோட்டீஸ் எல்லாம் கடைசி வேலை. கேப்டன் அந்தத் தெருவிலயே இருக்கிற ஆள், கையில சில நூறு வோட்டு. வருசம் முழுக்க வேலை. கிழவிட வாசல்ல மரம் சாஞ்சிட்டா வெட்ட ஆள் அனுப்புறது, குப்பைத்தொட்டி எடுத்துக் குடுக்கிறது, லைட் எரியேல்ல எண்டா வட்டாரத் தலைவருக்கு சொல்றது, மகன் பொலிஸ்ல மாட்டினா ஆரோட கதைக்கலாம் எண்டு காட்டுறது, செத்தவீட்டில முதல் ஆளா நிக்கிறது. இவ்வளவும் செய்த மனிசன் தேர்தலண்டு கதவ தட்டினா என்னெண்டு இல்ல எண்டு சொல்றது?

அதோட, தேர்தலுக்கு முந்தியே எத்தின வோட்டு விழும் எண்டு கேப்டன் வட்டாரத் தலைவருக்கு கணக்கு குடுக்கவேணும். கூட சொன்னாலும் பிழை, குறைச்சு சொன்னாலும் பிழை, அவனுக்கு அந்தத் தெரு தெரியாது எண்டுதான் அர்த்தம். கணக்கு பிழைச்சா வேலை போகும்.

இத வாசிக்கேக்க எனக்கு என்ட மாமாதான் ஞாபகம் வாறது. நான் பத்துப் பதினொரு வயசுப் பெடியன், அவர் ஒரு கட்சிக்கு தேர்தல் வேலை செய்தவர். வாக்காளர் இடாப்ப மடிச்சு சேட் பொக்கெட்டுக்குள்ள வச்சிருப்பார், காதில ஒரு சிவப்பு பென்சில். போட்டிட்டு வந்த ஆள்ட பேர வெட்டுவார். மத்தியானம் ரெண்டு மணி போல வெட்டுப்படாத பேரெல்லாத்தையும் ஒரு சிகரெட் பெட்டி மட்டையில எழுதி என்னட்ட தந்து ஓடு எண்டுவார். நான் ஓடினதுக்குள்ள ஒரு ஆச்சி, கால் ஏலாது எண்டா, மாமா அவவ சைக்கிள் கரியர்ல இருத்தி உருட்டிக்கொண்டு போனார். போட்டிட்டு வரேக்க ஆச்சி கேட்டா, "தம்பி, என்ட கிணத்துக் கப்பி என்னாச்சு?" எண்டு. அந்தக் கப்பிதான் அக்கா விசயம். சிக்காகோவில கப்பி தேர்தலுக்கு முந்தியே வந்திருக்கும்.

கிண்ணியாவில இருந்து ஒருத்தர்: இதெல்லாம் காசில்லாம நடக்காதே. கேப்டன்மாருக்கு சம்பளம் ஆரு?

நகரம்தான் நானா, அங்கதான் கெட்டித்தனம். கேப்டன் கட்சி சம்பளக்காரன் இல்ல, தண்ணி டிப்பார்ட்மென்ட், ரோட்டு வேலை, கோர்ட், பார்க் எண்டு எங்கயாவது அரசாங்க வேலையில இருப்பான், அந்த வேலை கட்சி குடுத்தது. அப்பிடி வேலை 30,000க்கு மேல எண்டு சொல்லுவாங்க. அவன் வட்டார விருந்துக்கு டிக்கெட் வாங்கவும் வேணும் விக்கவும் வேணும், அது கட்சிக்கு காசு. எங்கட ஆக்கள் எம்பிட துண்டு கொண்டு போற மாதிரி அங்க வட்டாரத் தலைவர்ட கடிதம். 1948ல அப்னர் மிக்வா எண்டு ஒரு சட்ட மாணவன், பிறகு பெரிய நீதவானா வந்தவர், தேர்தலுக்கு சும்மா உதவி செய்யத்தான் வட்டார கந்தோருக்கு போனவர். உன்ன ஆரு அனுப்பினது எண்டு கேட்டாங்களாம், ஒருத்தரும் இல்ல எண்டிருக்கிறார். ஒருத்தரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேணாம், போ எண்டுட்டாங்க. அவரே சொல்லிச் சிரிச்ச கதை.

சாம்பல்தீவு அண்ணா: கென்னடிய கள்ள வோட்டில வெல்ல வச்சது டேலிதான் எண்டு சொல்றாங்களே?

அரைவாசி கதை அண்ணா. 1960ல இல்லினோய் மாநிலத்தில கென்னடி வென்றது 9,000க்கும் குறைஞ்ச வோட்டால, சிக்காகோவில தில்லுமுல்லு நடக்கேல்ல எண்டு ஆரும் சத்தியம் பண்ணமாட்டாங்க. ஆனா கணக்கு பாருங்க. அங்க ஜனாதிபதியத் தெரியிறது மாநிலம் மாநிலமா விழுற தேர்வாளர் வோட்டு. கென்னடிக்கு அது 303, வெல்ல 269 காணும். இல்லினோய்ட 27ஐ கழிச்சாலும் 276, அப்பவும் ஜனாதிபதி அவர்தான். என்னக் கேட்டா அண்டைக்கு மெஷின்ட நித்திரைய கெடுத்தது கென்னடிக்கு எதிரா நிண்ட நிக்சன் இல்ல, பெஞ்சமின் ஆடமோவ்ஸ்கி. கவுண்டிட அரச வழக்குத்தொடுநர், முந்தி டேலிட கட்சி, பிறகு எதிர்ப்பக்கம் பாய்ஞ்சவர், பைல் பைலா தோண்டிக்கொண்டு இருந்தவர். அவரும் அதே நாள்தான் தோத்தார்.

மூதூர் தங்கச்சி: கறுப்பின மக்கள ஒதுக்கி வச்ச ஆள் எண்டும் படிச்சிருக்கன், அப்ப ஏன் அவங்க வோட்டு போட்டாங்க?

நல்ல கேள்வி தங்கச்சி. தெற்குப் பக்கத்தில வில்லியம் டோசன் எண்ட கறுப்பின அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் மெஷினுக்குள்ளயே ஒரு குட்டி மெஷின் வச்சிருந்தவர். வேலையும் உதவியும் அவரால வந்தது, வோட்டும் அவரால போனது. 1963 மேயர் தேர்தல்ல வெள்ளையர் வோட்டில கூடப் பங்கு டேலிக்கு எதிரா நிண்ட ஆடமோவ்ஸ்கிக்கு விழுந்தது, டேலிய காப்பாத்தினது கறுப்பின வட்டாரங்கள். பதிலுக்கு கிடைச்சது? பள்ளிக்கூடத்திலயும் வீட்டிலயும் அதே பிரிவினை. அந்தக் கோபம் 1983ல வெடிச்சது, ஒரு லட்சத்துக்கு மேல புதுசா பேர் பதிஞ்சு ஹரோல்ட் வாஷிங்டன மேயராக்கினாங்க. ஆனா நகரசபையில 50 பேரில 29 பேர் அவருக்கு எதிரா நிண்டாங்க. அவங்க அவர்ட நியமனத்த எல்லாம் மறிப்பாங்க, அவர் அவங்கட தீர்மானத்த வீட்டோ பண்ணுவார், வீட்டோவ உடைக்க 34 வேணும், அது அவங்களிட்ட இல்ல. மூண்டு வருசம் இழுபறி. 1986ல ஏழு வட்டாரத்தில திரும்ப தேர்தல் வச்சு 25க்கு 25 ஆன பிறகுதான் சமநிலைய உடைக்கிற மேயர்ட வோட்டு செல்லுபடியானது. அடுத்த வருசம் நவம்பர்ல மனிசன் செத்திட்டார்.

டவுண்ல இருந்து மச்சான்: டேலி காசு அடிச்சாரா இல்லையா? ஒரு சொல்லில சொல்லு.

வீடு பிரிட்ஜ்போர்ட்ல அதே சின்ன வீடுதான், காலமை பூசைக்கு போவார். சபையில அவர்ட வலது கை தோமஸ் கீன் 1974ல மோசடி வழக்கில குற்றவாளி. ஒரு சொல்லில முடியாது மச்சான்.

உப்புவெளி: இவ்வளவு பலமான ஒண்டு எப்பிடி உடைஞ்சது?

ரெண்டு அடி. ஒண்டு மெல்ல விழுந்தது. மைக்கல் ஷாக்மன் எண்ட சட்டத்தரணி 1969ல போட்ட வழக்கு, அரசியல் காரணத்துக்காக ஊழியர வேலையால நிப்பாட்டக்கூடாது எண்டு 1972ல ஒரு உத்தரவு, பிறகு வேலைக்கு எடுக்கிறதிலயும் கட்சி பாக்கக்கூடாது எண்டு 1983ல இன்னொண்டு. துண்டு செல்லாது எண்டான பிறகு கேப்டன் ஏன் கதவு தட்டுவான்?

மற்றது பனி. 1979 ஜனவரியில கொட்டின பனி. டேலிக்குப் பிறகு மேயரா வந்த பிலாண்டிக் ரோட்ட துப்புரவாக்க முடியாம திணறினார், அதுக்குள்ள ரயில் கறுப்பின பகுதி ஸ்டேசன்ல நிக்காம ஓடினது. எங்கட ஊர்ல மார்கழி மழைக்கு கான் அடைச்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்தா வருமே ஒரு ஆத்திரம், அதேதான். அடுத்த மாசமே கட்சிக்குள்ள தேர்தல், அவரே பதவியில இருந்து தூக்கின ஜேன் பேர்ன் எண்ட பொம்பிள அவர தோற்கடிச்சு சிக்காகோட முதல் பெண் மேயர் ஆனா.

டேலிட மகனும் 1989ல இருந்து 2011 வரைக்கும் மேயர்தான், ஆனா அவர் காலத்தில தெருக் கேப்டன விட நன்கொடையும் டிவி விளம்பரமும்தான் கூட வேலை செய்தது.

திரும்ப நிலாவெளி தம்பி: இங்க ஒருத்தர் இப்பிடி ஒண்டு கட்டலாமா அண்ணே?

கஷ்டம் தம்பி. 60க்கு 40 கலப்பு முறை (60 வீதம் வட்டாரத்தால, 40 வீதம் விகிதாசாரத்தால) வந்தபிறகு வட்டாரம் திரும்ப வந்திட்டு, அது சரி. ஆனா உள்ளூராட்சி சபைத் தலைவர் கையில என்ன இருக்கு? பொலிஸ் கொழும்புக்கு, பள்ளிக்கூடம் மாகாணத்துக்கோ அமைச்சுக்கோ, நிலம் இன்னொரு கந்தோருக்கு. மிஞ்சினது குப்பை, லைட், கான், சந்தை. அதுவும் சும்மா இல்லத்தான். எங்கட ஒழுங்கையில குப்பை லொறி ரெண்டு கிழமை வராம மான் வந்து பையக் கிழிச்சு ரோட்டெல்லாம் இழுத்து வச்சிருந்தது, ஆருக்கு கோல் எடுக்கிறது எண்டு ஒரு சனத்துக்கும் தெரியேல்ல. கடைசியில பக்கத்து வீட்டு ஐயாதான் மண்வெட்டியோட இறங்கினவர். அவர தேர்தல்ல நிக்கச் சொல்லி கேட்டன், ஏசிப்போட்டு போயிட்டார்.