பொக்லைனும் ஆறும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நண்பர்களுடன் ஆற்றில் இறங்கிக் குப்பை அள்ளுகிறோம், கரையில் மரக்கன்று நடுகிறோம். ஆனாலும் மழை நின்ற பத்தாம் நாள் ஆறு வற்றிவிடுகிறது. நாற்பது பேராக இருந்த குழு ஒன்பதாகச் சுருங்கிவிட்டது. கொஞ்சம் நன்கொடை சேர்ந்திருக்கிறது; பொக்லைன் வைத்து ஆற்றை ஆழப்படுத்தலாம் என்கிறார்கள். இளைஞர்களை மீண்டும் வரவழைப்பது எப்படி? விழிப்புணர்வுப் பாடல் ஒன்று எழுதித் தருவீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாடல் எழுத மாட்டேன். இளைஞர்கள் வருவார்கள், போவார்கள், அதை விடுங்கள். இன்னும் ஒன்பது பேர் இருக்கிறீர்களே, அதுதான் இரண்டு நாளாக என் மனத்தில் நிற்கிறது. ஆனால் பொக்லைன் என்ற சொல்லைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. பாதிக் கோபம் என்மீதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வேலையில் நின்று கைதட்டியவன் நான். இயந்திரம் கோரையையும் நாணலையும் வேரோடு வழித்தெடுத்தது. வளைந்து கிடந்த ஓடை நூல் பிடித்தாற்போல நேரானது. படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த பெருமழையில் தடுப்பார் இல்லாமல் வெள்ளம் பாய்ந்தது, இரு கரையும் சரிந்தன. அங்கிருந்த முதியவர் ஒருவர் கலங்கல் நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு கல்மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு விரற்கடைக்குச் சேறு படிந்தது. "இது எந்த இடத்து மண் என்று சொல்லுங்கள்" என்றார். விழித்தேன். மொட்டையாக நின்ற மேட்டுச் சரிவைக் காட்டினார்.

மழை இல்லாத நாளில் ஆற்றில் ஓடுவது நிலத்துக்குள் இறங்கி மெல்லக் கசிந்து வரும் நீர். சரிவு மொட்டையானால் மழை உள்ளே இறங்காது. மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். நீங்கள் படுகையை ஆழப்படுத்தினால் அக்கம்பக்கத்து நிலத்தடி நீரும் அந்தப் பள்ளத்தில் வடிந்து சீக்கிரம் தீர்ந்துபோகும். இதற்கா நன்கொடை வாங்கினீர்கள்?

ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் ஆர்வரி என்ற சிற்றாறு மழைக்காலம் தவிர வறண்டே கிடந்தது. 1985-இல் அந்த மாவட்டத்துக்கு வந்த ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கம் என்ற தொண்டு அமைப்பும் ஊர்க்காரர்களும் மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்க, ஓடைகளின் குறுக்கே ஜோகட் எனப்படும் பிறை வடிவ மண்கரைகளை ஊர் ஊராக எழுப்பினார்கள். 1990-களின் நடுவில் ஆறு ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. உடனே வெளியாள் ஒருவருக்கு மீன்பிடிக் குத்தகை போயிற்று. ஊரார் போராடி நிறுத்தினார்கள். பிறகு 1999-இல் சுமார் 70 ஊர்கள் கூடி ஆர்வரி நாடாளுமன்றம் என்ற பொது அவையை அமைத்து, கரும்பு, நெல் போன்ற நீர் குடிக்கும் பயிர்கள் வேண்டாம் என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். கரை கட்டுவது எளிது ஐயா. பக்கத்து வயல்காரரிடம் போய் மோட்டாரை நிறுத்தச் சொல்ல உங்களில் யாருக்குத் துணிவு இருக்கிறது? ஆற்றில் பிளாஸ்டிக் பொறுக்கும்போது யாரும் பகையாவதில்லை. அதனால்தான் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

வரும் ஞாயிறு ஆற்றுக்குப் போகாதீர்கள். அதில் வந்து சேரும் ஏதாவது ஓர் ஓடையைப் பிடித்து அது தொடங்கும் இடம் வரை ஒன்பது பேரும் நடந்து போங்கள். எங்கே மண் அரித்திருக்கிறது, எங்கே வழி அடைபட்டிருக்கிறது, யாருடைய நிலம் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். பணத்தை அதுவரை தொட வேண்டாம். நட்ட கன்றுகளுக்கு மட்டும் யாராவது ஒருவர் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள்.