மெய்நிகர் வகுப்பில் மாணவர்களுக்குத் தலைசுற்றல்: என்ன செய்யலாம்?

வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு மண்டையோட்டின் அமைப்பை வி.ஆர். ஹெட்செட்டில் (கண்களை மறைத்துத் தலையில் அணியும் மெய்நிகர் கருவியில்) நாற்பது நிமிடம் காட்டும்போது சிலருக்குத் தலைசுற்றலும் தலைவலியும் வருவதால், வகுப்பையே கைவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கைவிட வேண்டியதில்லை, அதை அவர்களுடைய பலவீனமாகவும் கருத வேண்டாம். உடல் நகர்வதாகக் கண் சொல்ல, அசைவே இல்லை என்று உட்செவியின் சமநிலை உறுப்பு சொல்வதால் எழும் முரண்பாடே இதற்கு முக்கியக் காரணம். ஆகவே, மாணவர் மண்டையோட்டின் மெய்நிகர் மாதிரிக்குள் மிதந்து செல்லும் முறையை நிறுத்திவிட்டு, அவர் அமர்ந்தபடியே மண்டையோட்டைக் கையால் திருப்பிப் பார்க்கும் முறைக்கு மாற்றுங்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப ஹெட்செட்டின் வில்லைகளை ஒவ்வொருவருக்கும் சரிசெய்யுங்கள் (அவசரத்தில் நாம் மறந்துவிடுவது இதைத்தான்). ஒரு முறைக்குப் பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 59 பேர் இதே மண்டையோட்டுப் பாடத்தை மெய்நிகர் கருவி, ஆக்மென்டட் ரியாலிட்டி (நிஜக் காட்சியின்மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் முறை), டேப்லெட் என மூன்று வழிகளில் கற்றனர். தேர்வு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைசுற்றலும் தலைவலியும் மெய்நிகர் குழுவில்தான் கூடுதலாக இருந்தன. எனவே, கருவி ஒத்துக்கொள்ளாத மாணவருக்கு டேப்லெட்டைக் கொடுத்தால் அவர் பின்தங்கிவிடுவார் என்று அஞ்ச வேண்டாம். துளைகளின் ஆழத்தையும் எலும்பின் மெல்லிய இடங்களையும் விரலால் உணர, உண்மையான மண்டையோடு ஒன்றும் மேசைமேல் இருக்கட்டும்.