சர்க்கரை குறைந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது

கேள்வி: மூலிகைப் பொடியால் சர்க்கரை நோய் முழுதாகக் குணமாகும் என்று சொல்லி என் மாமியாருக்கு மாதாமாதம் கூரியரில் டப்பா வருகிறது. சர்க்கரையும் நன்றாகக் குறைந்திருக்கிறது. இது மோசடியா? எப்படித் தெரிந்துகொள்வது?

"நன்றாகக் குறைந்திருக்கிறது" என்று படித்ததுமே எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கள் பெரியப்பாவுக்கும் அப்படித்தான் குறைந்தது.

அருப்புக்கோட்டையில் இருக்கிறார், அறுபத்தெட்டு வயது, பதினைந்து வருடச் சர்க்கரை. கல்யாண மண்டபத்தில் 'இலவச முழு உடல் பரிசோதனை முகாம்' என்று நோட்டீஸ் பார்த்துப் போயிருக்கிறார். கையில் ஒரு உலோகக் கம்பியைப் பிடிக்கச் சொன்னார்களாம். இரண்டு நிமிடத்தில் கல்லீரல், கிட்னி, கணையம், எலும்பு என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட். ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. கையில் பிடிக்கிற கம்பி கணையத்தின் நிலவரத்தைச் சொல்லாது. அந்த முகாம் நடந்ததே நோட்டில் போன் நம்பர் எழுதி வாங்கத்தான்.

மறுநாளிலிருந்து போன். "அப்பா, சாப்பிட்டீங்களா? நான் உங்க பையன் மாதிரிப்பா." தினமும் பத்து நிமிடம் பேசுவான். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் டாக்டர் இரண்டு நிமிடம் பார்ப்பார், அதுவும் சீட்டைத்தான். பிள்ளைகள் வெளியூரில். பெரியப்பா ஏமாந்தது அறியாமையால் என்று நான் சொல்லவே மாட்டேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஒருவன் வந்து கேட்டான், அவ்வளவுதான். உங்கள் மாமியாரைத் திட்டாதீர்கள் என்று முதலிலேயே சொல்வது இதனால்தான். திட்டினால் டப்பா ஒளிந்துகொள்ளும். எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது.

அவன் அனுப்பிய மூலிகைப் பொடி மாதம் 4,500 ரூபாய். 'இங்கிலீஷ் மாத்திரை' எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மூன்றே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 240-லிருந்து 110. தெருவே ஆச்சரியப்பட்டது. சீக்கிரம் குணமாகட்டும் என்று போனில் இரண்டு ஸ்பூனாகக் கூட்டினார்கள்.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பெரியம்மா கூப்பிட்டார். பனியன் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் அளவுக்கு வியர்வை, வாய் குழறல், யாரென்று அடையாளம் தெரியவில்லை. வீட்டு மீட்டரில் 38. பெரியம்மா சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு நின்றார், ஆனால் நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் 160-க்கு வந்தது. காலை ஏழு மணிக்கு மறுபடி 52. அப்போதுதான் டாக்டர், "வேற என்ன சாப்பிடுறார்?" என்று அழுத்திக் கேட்டார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு டப்பாவைச் சொன்னார்.

டாக்டர் விளக்கியது இதுதான். இப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற சாதாரண சர்க்கரை மாத்திரையை அரைத்துக் கலப்பது பழைய தந்திரம். அளவு கிடையாது. ஒரு ஸ்பூனில் அரை மாத்திரை இருக்கலாம், அடுத்த ஸ்பூனில் மூன்று இருக்கலாம். வயதாகிக் கிட்னி கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு அது உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது, ஏற்ற ஏற்றச் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கும். மூட்டுவலிப் பொடியில் இதேபோல் ஸ்டீராய்டு கலப்பார்கள். பத்து நாளில் வலி பறந்துவிடும், பிறகு முகம் உப்பும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு தேயும். குறைகிறது என்பது மருந்து நல்லது என்பதற்கு ஆதாரமே இல்லை. என்ன கலந்திருக்கிறது என்று கேட்க வேண்டிய இடமே அதுதான்.

மோசடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் இருக்கின்றன. அதனால் 'நிரந்தரத் தீர்வு' என்ற நோட்டீஸைப் பார்த்ததுமே முடிவுக்கு வந்துவிடலாம், மேலே ஆராய வேண்டாம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முறையான சித்த, ஆயுர்வேத மருந்தில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் இருக்கும். பெரியப்பாவின் டப்பாவில் ஒரு முனிவர் படமும் செல்போன் நம்பரும்தான் இருந்தன. அந்த நம்பருக்கு நானே பேசி உரிம எண் கேட்டேன், பில் கேட்டேன். லைன் கட்டானது, அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இதை வைத்துச் சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்தரை வருடம் பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த வைத்தியர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. நாடி பார்க்காமல், நாக்கைப் பார்க்காமல், போனிலேயே டப்பா அனுப்புகிறவன் அந்த வைத்தியத்துக்கும் துரோகிதான்.

பெரியப்பாவின் பழைய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைப்பவை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். வருகிற அக்கா பிரஷரும் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டும் போகிறார். அந்த இரண்டு வார்த்தைக்காகப் பெரியப்பா திண்ணையில் காத்திருக்கிறார்.

உங்கள் மாமியாரிடம் இன்றைக்கே பேசுங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். பொடி, கவர், கூரியர் சீட்டு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி, கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மாத்திரையை நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம், பொடியில் இருப்பதோடு சேர்ந்தால் ஒரேயடியாக இறங்கிவிடும். வலிக்கென்று வேறு பொடியும் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மிச்சப் பொடியை வைத்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகாரும் கொடுக்கலாம். நாங்கள் கொடுக்கவில்லை, பெரியப்பா வெட்கப்பட்டார், நானும் விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. நீங்கள் கொடுங்கள்.

அதுவரை ராத்திரி தனியாகப் படுக்க விடாதீர்கள். தலைமாட்டில் சீனி டப்பா இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, நினைவோடு இருந்தால் மூன்று ஸ்பூன் சீனி கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.